சேற்றுக்கு ஒரு பாராட்டு விழா

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகிற சாலையில், உப்பங்கழி ஓரமாக, தென்கரைக் கடல் நுண்ணுயிர் உயராய்வு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டிவிடும். அங்கே இயக்குநர் உண்டு. துணை இயக்குநர் பதவி உண்டு, ஆள் இல்லை. ஆளுயரக் குத்துவிளக்குகள் உண்டு. திரி, எண்ணெய், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம் வைக்கத் தனி பீரோ உண்டு. நுண்ணோக்கிகளும் இருக்கின்றன. ஆயுத பூஜையன்று அவற்றுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். மற்ற நாட்களில் தூசு படக் கூடாது என்று உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

இந்த நிலையத்தில் யாராவது எதையாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதிமுறை எதுவும் கிடையாது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு சங்கடம் அதுவரை வந்ததே இல்லை.

அந்தச் சங்கடத்தைக் கொண்டுவந்தவள் முனைவர் அஜீசுன்னிசா. கடலூர் முதுநகர்க்காரி. காலையில் ரயிலில் சிதம்பரம், அங்கிருந்து பஸ் என்று பாதி ஆயுளைப் பயணத்தில் கழித்தவள். மீதிப் பாதி சேற்றில் கழிந்தது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைப் பிடித்துவைத்து, நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்கள். நாம் இழுக்கிற மூச்சில் ஏறக்குறைய பாதியைக் கடலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் தயாரித்துக் கொடுக்கின்றன, செத்ததை எல்லாம் மட்க வைத்து மறுபடி மீனுக்கும் இறாலுக்கும் சாப்பாடாக்குவதும் அவைதான் என்று அவள் பொறுமையாக விளக்குவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்களா?" என்பார்கள். கொடுக்கிறார்கள் என்றதும் பிரியாணியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவள் கண்டுபிடித்த விதம் எளிமையானது. மூக்கால் கண்டுபிடித்தாள். உப்பங்கழிச் சேறு என்றால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்க வேண்டும். அடியில் ஊறுகிற கந்தக வாயு அது. ஜாஸ்தியானால் இறால், நண்டு எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆனால் நிலையத்தின் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவு சேற்றில் மட்டும் நாற்றமே இல்லை. அங்கே தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிற சின்னம்மாளுக்கு அந்த இடத்தில் மட்டும் பறிக்கூடை சீக்கிரம் நிறையும். "அது என்னாத்துக்குன்னு தெரியல மேடம். எதுக்கு ஆராயணும், கெடைக்குதுல்ல," என்பது சின்னம்மாளின் நிலைப்பாடு.

அஜீசுன்னிசா ஆராய்ந்தாள். அந்தச் சேற்றுக்குள் முடியைவிட மெல்லிய இழை இழையாக ஒரு பாக்டீரியா இருந்தது. ஓர் இழை என்பது ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் ஒன்றின் தலையில் ஒன்று நிற்கிற வரிசை. மேலே இருப்பவை தண்ணீரிலிருந்து மூச்சு வாங்கும். கீழே இருப்பவை சேற்றுக்குள் கிடக்கிற அழுகல் வாயுவைத் தின்னும். இரண்டுக்கும் நடுவே இழை வழியாக மின்சாரம் ஓடும். இந்தக் குடும்பத்துப் பாக்டீரியா வேறு கடல்களிலும் உண்டுதான். ஆனால் இது இனம் புதிது, உலகத்தில் வேறு யாரும் பார்த்திராதது.

ஒரே ஒரு சிக்கல். அதைப் புட்டியில் போட்டால் செத்துவிடும். அந்தச் சேறு, ஏறி இறங்குகிற அந்த ஓதம், அந்த இடம் இருந்தால்தான் பிழைக்கும். புது இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் உயிரோடு பிடித்து வெளியூர் நுண்ணுயிர்க் காப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். புட்டியில் அதை எப்படி வாழவைப்பது என்று கற்றுக்கொள்ள அவளுக்கு இன்னும் ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. அதுவரை அந்தச் சேற்றை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான். நாலு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, 'தொடாதீர்' என்று ஒரு பலகை தொங்கவிட்டால் போதும். அதைக் கேட்கத்தான் அவள் இயக்குநர் தட்சிணாமூர்த்தியின் அறைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

தட்சிணாமூர்த்தி எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். மின்சாரம் என்ற இடத்தில் திறந்தார்.

"கரண்ட்டா? எவ்வளவு வரும்? இந்த ஏசி ஓடுமா?"

"அவ்வளவு வராதுங்க சார். ரொம்ப ரொம்பக் கொஞ்சம்."

"பரவால்ல. பேப்பர்ல எவ்வளவுன்னு போட வேணாம்," என்றார் இயக்குநர். எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஜெனரேட்டர் கொட்டகையைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேலி கேக்கறீங்க. போட்டுடலாம். ஆனா சும்மா போட முடியுமா மேடம்? வேலின்னா தெறப்பு விழா வேணும். தெறக்கறதுக்கு மந்திரி வேணும். கண்டுபுடிக்கறது பெருசில்லை, அதை முறையாக் கொண்டாடணும். நான் இங்க வந்ததுலேர்ந்து ஒரு கண்டுபிடிப்பும் இல்லாமலே எத்தினி விழா நடத்தியிருக்கேன். இப்ப கண்டுபிடிப்பே இருக்குது. எவ்வளவு பெருசா நடத்தணும், நீங்களே சொல்லுங்க."

"வேலி மட்டும் போதுங்க சார்."

"உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்குது," என்றார் இயக்குநர், மணியை அடித்தபடி.

மணிச் சத்தத்துக்கு வந்தவர் நிர்வாக அலுவலர் தங்கராசு. மனிதர் கெட்டவர் இல்லை. பந்தல், நாற்காலி, வாழைமரம், மேளம், போட்டோ என்று எதைச் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் நிறுத்திவிடுவார். நிலையத்தில் திறமைசாலி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

முதலில் பெயர் வைக்கும் குழு கூடியது. புது உயிருக்கு முதல் பெயர் லத்தீனில் இருக்கும், இரண்டாம் பெயராக யார் பெயரையும் வைக்கலாம் என்று அஜீசுன்னிசா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தன் பெயரை வைப்பதில் தனக்கு உடன்பாடு இல்லை என்று இயக்குநர் யாரும் கேட்காமலே அறிவித்தார். அப்படிச் சொல்லக் கூடாது என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்துக் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் தங்கராசு, அமைச்சர் பெயரையே வைத்துவிட்டால் அவர் வருவது உறுதியாகிவிடும் என்றார். உடனே அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விளக்கும் பொறுப்பை அஜீசுன்னிசாவிடம் கொடுத்தார்கள்.

"எங்கம்மா இருக்கும் அது?" என்றது போன்.

"சேத்துலங்க."

"என்னா சாப்புடும்?"

"அழுகிப்போனதுலேர்ந்து வர்ற வாயுவைங்க."

போன் கொஞ்சம் யோசித்தது. "சரி, ஏழைப் பங்காளன்னு எடுத்துக்கலாம். எப்பிடிப் பெருகும்?"

"ஒண்ணு ரெண்டாப் பிரியும்ங்க. அந்த ரெண்டும் மறுபடி ரெண்டு ரெண்டாப் பிரியும்."

அமைச்சரின் கட்சி சித்திரையில்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. இந்தப் பக்கத்து அணி மறுபடி பிரியப் போகிறது என்று டீக்கடைகளில் பேச்சு. "பேரு வேணாம்மா," என்றது போன் கடைசியில். "பிரியாமப் பெருகற மாதிரி ஏதாவது கண்டுபுடிச்சீங்கன்னா அப்பச் சொல்லுங்க. விழாவுக்கு வேணா வர்றாரு."

ஆக, பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்று முடிவானது. பாக்டீரியாவைப் பொறுத்தவரை அது பெரிய தப்பித்தல்.

அன்று வீட்டில் அவள் கணவன் அப்துல் வதூது, முதுநகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன், செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'சிதம்பரம் அருகே புதிய கிருமி: பெண் விஞ்ஞானி பிடித்தார்' என்று போட்டிருந்தது.

"உன் போட்டோ நல்லா வந்திருக்கு அஜீசு. ஆனா பக்கத்து வூட்ல புள்ளைங்கள நம்ம வூட்டுக்கு அனுப்ப மாட்றாங்க. ஒட்டுமான்னு கேக்கறாங்க."

"ஒட்டாது மச்சான். அது நல்லது செய்யற உசுரு."

"அது எனக்குத் தெரியும். அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்? கடைக்கு வர்றவனெல்லாம் ஆணிய வாங்கிட்டுக் கையக் கழுவறான்." தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "என்னா, சந்தோசமா இல்லையா நீ? இத்தினி வருசம் சேத்துல கெடந்ததுக்கு இப்பத்தான பேரு வருது."

"பயமா இருக்கு மச்சான். எனக்கு வேலி வேணும்னு கேட்டேன். அவுங்க மேடை போடறாங்க."

வதூது சிரித்தான். மேடை போட்டால் சேற்றுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் நிலையத்துக்குப் போய் இறங்கியவள் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். பள்ளம் மேடெல்லாம் செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள். நுழைவாயிலில் தோரண வளைவு, அதில் கும்பிட்டபடி இயக்குநர். ஜெனரேட்டர் கொட்டகைக்கு வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. மெயின் ரோட்டிலிருந்து மேடைவரை, தெருவின் இரண்டு ஓரமும் அளந்து பிடித்தாற்போல் வெள்ளைக் கோடு.

நம் ஊர்ப்பக்கம் பெரிய மனிதர் யார் வந்தாலும் அந்தக் கோடு போட்டாக வேண்டும். சாக்கடையைத் தூர் வார மாட்டார்கள், குப்பையை அள்ள மாட்டார்கள். அதன் ஓரமாகப் பிளீச்சிங் பவுடரில் ஒரு கோடு இழுத்துவிட்டால் சுகாதாரம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். கார் கண்ணாடியை இறக்காத பெரிய மனிதருக்கு அந்த வெள்ளை தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது யாரைக் கொல்லும், யாரை விடும் என்று கோடு போட்ட யாரும் இதுவரை யோசித்ததில்லை. அஜீசுன்னிசாவும் இத்தனை வருடம் அந்தக் கோடுகளைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குச் சேற்றின் நினைப்பு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள்.

தங்கராசு மூட்டைகளோடு நின்றிருந்தார். கூலிக்கு வந்தவர்கள் சேற்றைச் சுற்றி அழகாகக் கரை கட்டி, மூட்டை வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க தங்கராசு. அதுல உசுரு இருக்குது."

"அதனாலதான் மேடம் போடறோம்," என்றார் தங்கராசு மரியாதையாக. "கிருமி இருக்குதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

"அந்தக் கிருமிக்குத்தான விழா?"

"ஆமாங்க மேடம். அதுக்குத்தான் சுத்தம் பண்றோம்."

அவள் இயக்குநரிடம் ஓடினாள். அவர் மாலைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "மேடம், மந்திரி பாக்கப்போற சேறு அது. சுத்தமா இருக்க வேணாமா? நாளைக்கு அவரு குனிஞ்சி பாக்கறப்ப ஏதாவது ஒட்டிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது? நுண்ணுயிர் நிலையத்துலயே நுண்ணுயிர் இருக்குதுன்னு நாலு பேரு பேசற மாதிரி ஆயிடும்."

"சார், அது செத்துடும்."

"எல்லாம் சாவாது. ஒண்ணு ரெண்டு இருந்தாப் போதும் நமக்கு. விழா ஒரு மணி நேரம்தான."

இதற்குமேல் அங்கே நின்று பயனில்லை. அவள் கழிவறையில் இருந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பவுடர் இன்னும் விழாத மூலையில் முழங்கால்வரை இறங்கி, சேற்றை வாரி வாரி நிரப்பினாள். எங்கேயாவது, நிலையத்துக்கு வெளியே, சின்னம்மாள் குடிசைப் பக்கத்துக் கழியிலாவது கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஒருவேளை பிழைக்கும். வாளியோடு வாசலைத் தாண்டும்போது பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ் பிடித்துக்கொண்டது. வாளியில் என்ன என்றார்கள். சேறு என்றாள். சேற்றுக்குள் என்ன என்றார்கள். அவள் உண்மையைச் சொன்னாள்: கண்ணுக்குத் தெரியாத இழைகள், மின்சாரம் ஓடும். வாளியைப் போலீஸ் நாய் மோந்து பார்த்தது. நாய்க்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் மின்சாரம் என்ற வார்த்தையைக் கேட்டபின் விட முடியுமா? மைதானத்து நடுவில் மணல் மூட்டை அடுக்கி, வாளியை உள்ளே வைத்து, தூரத்திலிருந்து குழாயால் தண்ணீர் பீய்ச்சிச் செயலிழக்கச் செய்தார்கள். நல்ல தண்ணீர். உப்பில் வாழ்கிற உயிருக்கு அதுவும் போதும்.

மறுநாள் அமைச்சர் வந்தார். வேலியை ரிப்பன் வெட்டித் திறந்தார். வேலிக்குள் சேறு திருநீறு பூசியதுபோல் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அமைச்சர் அதைப் பாராட்டினார். மேடையில் நுண்ணோக்கிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பார்க்கச் சொன்னபோது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து, ஒரு கண்ணை மூடி, "அடேயப்பா, என்னா சுறுசுறுப்பு," என்றார். சேறு தடவிய கண்ணாடித் துண்டை இன்னும் அடியில் வைக்கவில்லை என்பதை அஜீசுன்னிசா சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாத உயிருக்கே விழா எடுக்கறோம்," என்று அமைச்சர் பேசினார். "கண்ணுக்குத் தெரியற மக்களுக்குச் செய்ய மாட்டோமா? அதைப் பத்தியும் ஆலோசிச்சிக்கிட்டு இருக்கோம். இந்தக் கிருமிகிட்ட நாம கத்துக்கணும். மேல இருக்கறது நிம்மதியா மூச்சு விடுது. கீழ இருக்கறது வாயத் தொறக்காம அழுக்கத் தின்னுது. இதுதான் நிர்வாகம். எங்க இயக்கத்தையும் நாங்க அப்பிடித்தான் நடத்திக்கிட்டு வர்றோம்."

இயக்குநர் நன்றி சொன்னார். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், செம்மண் லாரிக்காரர் எல்லோர் பெயரும் வந்தது. அஜீசுன்னிசா பெயர் வருகிற இடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அவள் அப்போது மேடை ஓரமாக, மற்றவர்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகளைத் தட்டில் வைத்து ஏந்தி நின்றிருந்தாள்.

விழா முடிந்து ஒரு வாரத்தில் நாற்றம் வந்தது. முதலில் கொட்டகைப் பக்கம், பிறகு கேன்டீன், பிறகு ஏசி போட்ட இயக்குநர் அறைக்குள்ளும். நிலையத்தில் ஒருவருக்கும் காரணம் புரியவில்லை. நாற்றம் போக மறுபடி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்; நாற்றம் கூடியது. கழி ஓரம் சின்ன நண்டுகள் மல்லாந்து ஒதுங்கின. சின்னம்மாள் வெறும் பறியோடு வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்றாள்.

"என்னா மேடம் பண்ணீங்க எங்க தண்ணிய? வாசல்ல அத்தினி மாலை, அத்தினி காரு. எங்களுக்கு ஒரு எறா இல்ல."

அஜீசுன்னிசா தினமும் சேற்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். இழைகள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஒரு நாள் வேலை நேரத்தில், உறை போட்ட நுண்ணோக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெயர் போனதுகூடப் பரவாயில்லை. தன்னால் செத்தது என்பதுதான் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது அதுபாட்டுக்கு இருந்திருக்கும்.

இறந்துவிட்டது என்று அவள் சொன்னபோது இயக்குநர் கேட்ட முதல் கேள்வி: "விழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடியேங்க சார்."

"பின்னாடின்னு வெச்சிக்குவோம். மந்திரி பாத்துட்டாரே."

அரசு தந்த கௌரவத்தைக் கண்ணாரக் கண்டபின் அது இயற்கை எய்தியதாகத் தீர்மானம் போட்டார்கள். இரங்கல் கூட்டம் நடந்தது. இரண்டு நிமிட மௌனம்; ஒரு நிமிடத்திலேயே நாற்றம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். அரை நாள் விடுமுறை விடப்பட்டது. சிதம்பரம் மேலவீதிவரைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். தோற்றம்: பல கோடி ஆண்டுகளுக்கு முன். மறைவு: போன வாரம். பாக்டீரியாவின் படம் வெறும் நூல் மாதிரி இருந்ததால் சோகம் தெரியவில்லை என்று தங்கராசு அபிப்பிராயப்பட்டார். அதனால் இயக்குநரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, நூலை மூலையில் சின்னதாகப் போட்டார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இயக்குநரின் சம்பந்தி வீட்டார் மாலையும் கையுமாக வேன் பிடித்து வந்து, அவர் வாசலில் உட்கார்ந்து காபி குடிப்பதைக் கண்டு திகைத்துப்போய் நின்றதாகக் கேள்வி.

வேலிக்கு அருகில் கிரானைட்டில் நினைவுத் தூண் எழும்பியது. அஜீசுன்னிசாவுக்கு ஒரு மெமோ வந்தது: நிலையத்துக்குச் சொந்தமான உயிரினத்தைக் கவனக்குறைவாகச் சாகவிட்டதற்கு விளக்கம் தருக. பதவி உயர்வு நேர்காணலில், உங்கள் கண்டுபிடிப்பைக் காட்டுங்கள் என்றார்கள். இல்லை என்றாள். அப்படியானால் அடுத்த முறை பார்க்கலாம் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கழி பொங்கி, செம்மண்ணைக் கரைத்து, நினைவுத் தூணின் முழங்கால்வரை ஏறி, வடிந்தது. தை பிறந்து ஒரு நாள், குடையை எடுக்க மறந்து கொட்டகைப் பக்கமாகத் திரும்பி வந்த அஜீசுன்னிசா, தூணுக்கு அருகில் சட்டென்று நின்றாள். என்னவோ குறைந்தது. சற்று நேரம் பிடித்தது அது என்னவென்று தெரிய.

நாற்றம் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தூணின் நிழலில் ஒரு பிடிச் சேற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய், உறையை உருவி எறிந்துவிட்டுப் பார்த்தாள். இருந்தது. நீள நீளமாக, ஒன்றின் தலையில் ஒன்று நின்றபடி, எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. பவுடர் எட்டாத ஆழத்தில் கிடந்ததோ, வெள்ளத்தில் வேறெங்கிருந்தோ வந்ததோ, தெரியாது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளை பெற்ற அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று நினைத்தாள். பிறகு பிள்ளைகளை நினைத்து அந்த நினைப்பைத் திருத்திக்கொண்டாள். சேற்றுக் கையோடு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேச்சு.

"மொதலாம் ஆண்டு நினைவு நாளு, தங்கராசு. மந்திரி வர்றேன்னு சொல்லிட்டாரு. தூணாண்டயே வெச்சிக்கலாம். இப்ப அந்தப் பக்கம் நாத்தமும் இல்ல, கவனிச்சியா?"

"கவனிச்சேங்க சார். போன தடவைவிட டபுளாப் பவுடர் சொல்லிட்டேன்."

அஜீசுன்னிசா கதவின் வெளியே நின்றாள். அவளுடைய வாழ்நாள் வேலை, பெயர், பதவி உயர்வு, வெளியூர்க் காப்பகங்கள் எல்லாம் அந்தக் கைப்பிடிச் சேற்றில் இருந்தன. கதவைத் தள்ள வேண்டியதுதான். தள்ளினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது: பந்தல், செம்மண், வாழைமரம், வெள்ளைக் கோடு.

இயக்குநர் வெளியே வந்தார். "என்னா மேடம், கையெல்லாம் சேறு? ஏதாவது புதுசா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்," என்றாள். "வழுக்கி வுழுந்துட்டேன்."

அன்று சாயங்காலமே சின்னம்மாளைத் தேடிப் போனாள். நண்டு ஓடு, மீன் குடல், அழுகிப்போன இறால் தலை, எது கிடைத்தாலும் தனக்கு வேண்டும் என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"கொட்டாய்க்குப் பின்னால போடணும். நாத்தம் அடிக்கணும், அந்தப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது."

சின்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்துதான் மறுபடியும் எறா வந்துச்சி," என்றாள். உள்ளே போய், மீன் குடலும் நண்டு ஓடும் நிரப்பிய வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

அஜீசுன்னிசா வாளியைக் கொண்டுபோய்த் தூணைச் சுற்றிக் கொட்டினாள். மறுநாள் தங்கராசு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்து, விழாவைச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றினார். பவுடரும் அங்கே போயிற்று. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. கொட்டியது அழுக அழுக, சேற்றுக்குள் இருந்தவற்றுக்கு அது விருந்து. தின்று பெருகி, வருகிற நாற்றத்தை எல்லாம் காலி செய்துவிடும். அவை நன்றாக வேலை செய்யச் செய்ய அவள் பெரிய வாளியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டில் வதூது, "இப்பல்லாம் கருவாட்டுக் கடையிலயா வேலை?" என்று தள்ளி உட்கார்ந்தான். "ஆராய்ச்சி, மச்சான்," என்றாள். அந்த வருட அறிக்கையில், 'அவ்வினம் மீண்டும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதியவற்றிலேயே ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொள்ளப்பட்ட அறிக்கை அது ஒன்றுதான்.

நினைவு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. அமைச்சர் இப்போது வேறு அணியில் இருந்தார். ஆனாலும் வந்திருந்தார். மறைந்த உயிரைக் கண்டெடுத்தவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசும்படி, இந்த முறை பெயர் சொல்லி, அஜீசுன்னிசாவை அழைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் கடந்தபோது கைக்குட்டையை எடுத்தார்கள். துக்கம் என்று போட்டோக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அவள் மைக்கின் முன் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அது நிஜம்.

"அது எங்க இருந்தாலும் நிம்மதியா இருக்கட்டும்," என்றாள். "இனிமேலாவது அதை யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மண்டபமே நெகிழ்ந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைவிட நல்ல இரங்கல் உரையைத் தன் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்றார். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் நிலையத்துப் பக்கம் போகிற கிள்ளை பஸ்ஸைப் பிடித்தாள். பொழுது சாய்வதற்குள் சின்னம்மாள் வீட்டு வாசலில் இருக்கும் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும்.